இன்னும் எது உயிரோடு இருக்கிறது?

“தம்பி, இது இனி உயிர் பிடிக்குமே?”

நண்பனின் சித்தப்பா பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது ஒரு கொமடோர் 64. விளிம்பெல்லாம் வளைந்த பழுப்புப் பிளாஸ்டிக் உடல், தடித்த காபி நிறச் சாவிகள், வலது மூலையில் குண்டுமணி அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. சேகரிப்பாளர்கள் இந்த முதல் வடிவத்தை ‘ரொட்டிப் பெட்டி’ என்று செல்லமாகச் சொல்வார்கள். சித்தப்பா எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போனவர்.

“எண்பத்தெட்டில பிள்ளையளுக்கெண்டு செகண்ட்ஹாண்டா வேண்டினது. போன கிழமை பிளக்கில குடுத்துப் பாத்தன். லைட் எரியுது, டீவியில ஒண்டுமில்லை. ஒரே கறுப்பு.”

லைட் எரிகிறது, திரை கறுப்பு. எட்டு பிட் கணினிகளைப் பழுது பார்க்கிறவர்கள் அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான். காய்ச்சல் என்று சொல்லி வரும் நோயாளியைப் போல இந்தப் புகாரும் பாதி உண்மையைத்தான் சொல்லும். டைஃபாய்டும் காய்ச்சல்தான், மலேரியாவும் காய்ச்சல்தான். கறுப்புத் திரைக்குப் பின்னால் எரிந்துபோன ஒரு ஃபியூஸும் இருக்கலாம், செத்துப்போன பிராசஸரும் இருக்கலாம்.

எல்லாருக்கும் முதலில் வாயில் வரும் கேள்வி, “எது போச்சு?” நானும் வெகுகாலம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் செத்த சிப் பேசாது. அதைப் பற்றிச் சாட்சி சொல்ல உயிரோடிருக்கும் மற்ற சிப்புகளால்தான் முடியும். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: இன்னும் எது வேலை செய்கிறது? சித்தப்பாவின் கணினி என் மேசையில் கிடந்த மூன்று நாளும் இந்தக் கேள்வியைப் பல விதமாகக் கேட்டுப் பார்த்ததுதான் இந்த அத்தியாயம்.

முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய கடைசிக் கணினிகள்

கொமடோர் 64 முதன்முதலில் 1982 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் தலைகாட்டியது. அந்த ஆகஸ்டில் 595 டாலர் விலையில் கடைகளுக்கு வந்தது. 1994-இல் நிறுவனம் திவாலாகும் வரை இதன் உற்பத்தி நடந்தது. எத்தனை விற்றன என்பதில் கணக்குகள் வேறுபடும். குறைத்துச் சொல்பவர்களே ஒரு கோடியே 25 லட்சம் என்கிறார்கள்.

அவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிந்ததற்கு ஒரு காரணம், கொமடோர் 1976-இலேயே மாஸ் டெக்னாலஜி என்ற சிப் தொழிற்சாலையை வாங்கிப் போட்டிருந்தது. முக்கியமான சிப்புகளையெல்லாம் வீட்டுக்குள்ளேயே செய்துகொண்டார்கள். படம் வரையும் ‘விக்’ சிப்பை ஆல் சார்பென்டியர் வடிவமைத்தார். ஒலி எழுப்பும் ‘சிட்’ சிப் ராபர்ட் யானிஸின் வடிவமைப்பு. பிராசஸர் 6510. 1975-இல் வெறும் 25 டாலருக்கு வந்து சந்தையையே புரட்டிப்போட்ட 6502-இன் தம்பி அது.

மூடியைத் திறந்தால் போர்டில் சுமார் முப்பது சிப்புகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் யு1, யு2 என்று வெள்ளை எழுத்தில் பெயர். கொமடோர் வெளியிட்ட நிரலாளர் கையேட்டின் கடைசியில் முழு மின்சுற்றுப் படத்தையே மடித்து வைத்திருந்தார்கள். எந்தக் கம்பி எந்தச் சிப்பின் எத்தனையாவது காலுக்குப் போகிறது என்பதைப் பத்து ரூபாய் பென்சிலால் தடம் பிடித்துப் போகலாம். இன்றைய கைபேசியில் அந்தச் சுற்றெல்லாம் நகத்தளவு சிப் ஒன்றுக்குள் அடங்கிவிடும், உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. இங்கே ஒவ்வொரு அங்கமும் தனித்தனியாக, கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும் என்று நம்ப அது போதும்.

கொலைகாரன் பெட்டிக்கு வெளியே

“திரும்பவும் போட்டுக் காட்டட்டே?” என்று சித்தப்பா பிளக்கை எடுத்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இந்தக் கணினிக்கு மின்சாரம் வெளியே ஒரு தனிப் பெட்டியிலிருந்து வருகிறது. செங்கல் போலக் கனக்கும், பெயரும் செங்கல்தான். அதிலிருந்து இரண்டு விதமான மின்சாரம் கிளம்புகிறது: 5 வோல்ட் நேர்மின்சாரம், 9 வோல்ட் மாறுமின்சாரம். 5 வோல்ட் எப்படி உண்டாகிறது என்பதில்தான் ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மர் குறைத்து அனுப்பும் மின்னழுத்தத்தை ஒரு ரெகுலேட்டர் பிடித்து, ஐந்துக்கு மேல் உள்ளதையெல்லாம் வெப்பமாக எரித்துவிட்டு, சரியாக ஐந்தை மட்டும் வெளியே விடும். அந்த வெப்பம் போவதற்கு இடம் வேண்டும். இந்தச் செங்கலுக்குள்ளோ எப்பாக்சிப் பிசினை ஊற்றி நிரப்பி இறுக்கியிருக்கிறார்கள். காற்று புகாது, திறந்து பழுது பார்க்கவும் முடியாது. வருஷக்கணக்கில் வெந்து வெந்து ஒருநாள் ரெகுலேட்டர் கை விரித்துவிடும். அப்போது அது மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சாவதில்லை. வாசலைத் திறந்து போட்டுவிட்டுச் சாகிறது. ஐந்துக்கு மேல் எவ்வளவு வந்தாலும் அப்படியே கணினிக்குள் போகும்.

செங்கலைக் கணினியில் சொருகாமல், பிளக்கின் ஊசிகளில் மல்டிமீட்டரை வைத்தேன். 5.9 காட்டியது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது 6.4. நல்ல செங்கல் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இந்தக் கணினியின் நினைவகச் சிப்புகளுக்குத் தரவுத்தாளில் போட்டிருக்கும் உச்ச எல்லையே 7 வோல்ட்தான். அதுவும் தாங்கும் எல்லை, வேலை செய்யும் எல்லை அல்ல. கொலைகாரன் கையும் களவுமாகப் பிடிபட்டான். ஆனால் பெட்டிக்குள் யார் யாரை முடித்துவிட்டுப் போனான் என்பது தெரியவில்லை.

பழைய கணினி கையில் கிடைத்தால் ஆர்வத்தில் முதலில் பிளக்கில் போட்டுப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. நாற்பது வருஷம் பரணில் நல்லபடியாகத் தூங்கிய கணினிகள் பல அந்த ஐந்து நிமிஷத்தில் செத்திருக்கின்றன. செங்கலை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாகச் செய்த நம்பகமான ஒரு மின்மூலத்துக்கு மாறினேன்.

அடுத்த சந்தேகம் ஃபியூஸ். அதை ஏன் இவ்வளவு சீக்கிரம் பார்க்க வேண்டும்? சிவப்பு விளக்கு 5 வோல்ட்டில் எரிகிறது. ஆனால் இந்தப் பழைய போர்டில் விக் சிப்புக்குத் தேவையான மின்சாரம் அந்த 9 வோல்ட்டிலிருந்து, போர்டிலேயே தனியாகத் தயாராகிறது. நடுவில் ஒரு சிறு கண்ணாடி ஃபியூஸ். அது போய்விட்டால் விளக்கு கம்பீரமாக எரியும், படம் மட்டும் வராது. “லைட் எரியுது” என்பது ஒரு வழி மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. மற்ற வழிக்கு அது பொறுப்பேற்காது. மீட்டரை வைத்தேன், ஃபியூஸ் நன்றாக இருந்தது. விக் சிப்பின் கால்களில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இருந்தன.

மின்சாரம் உயிரோடிருக்கிறது. திரை கறுப்பு. இனி உள்ளே போக வேண்டும்.

கறுப்பு என்பது எந்த நேரம்?

நல்ல நிலையில் உள்ள கொமடோர் 64-ஐப் போட்டாலும் முதல் இரண்டு மூன்று நொடி திரை கறுப்பாகத்தான் இருக்கும். அதன் பிறகே நீலத் திரை வரும். அந்த நொடிகளில் உள்ளே நடப்பது தெரிந்தால், கறுப்புத் திரை என்பது எங்கோ பாதியில் நின்றுபோன ஒரு பயணம் என்பது புரியும்.

சுவிட்சைப் போட்டதும் ஒரு டைமர் சிப் பிராசஸரைச் சற்று நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் நிலைப்பட்ட பிறகு விடும். பிராசஸர் கண் விழித்ததும் ரோமில், அதாவது அழியாத நினைவகத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் எழுதியிருக்கும் முகவரியைப் படித்து அங்கே தாவும். பிறகு வேலைகளை வரிசையாகச் செய்யும்: கார்ட்ரிட்ஜ் எதுவும் சொருகியிருக்கிறதா என்று பார்ப்பது, உள்ளீட்டுச் சிப்புகளைத் தயார் செய்வது, எழுதி அழிக்கும் நினைவகமான ராமைச் சோதிப்பது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் திரைக்கு நிறம் கொடுக்கும் வேலை வரும். நினைவகச் சோதனை முன்னால், திரை பின்னால். அதனால் நினைவகத்தில் தடுக்கி விழுந்த கணினிக்கு, விழுந்தேன் என்று சொல்லத் திரையே கிடைப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கணினியின் உறுப்புகள் ஒன்றை ஒன்று கூட்டுக் குடித்தனம் போலச் சார்ந்திருக்கின்றன. பிராசஸர் ஓடத் தேவையான துடிப்பு, ஐரோப்பிய மாடலில் நொடிக்கு 9,85,248 முறை, விக் சிப்பிடமிருந்து வருகிறது. ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் சேமித்து வைத்த ஒரு சொட்டு மின்னூட்டம். ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும். சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் மறுபடி நிரப்பாவிட்டால் அந்தச் செய்தியே மறந்துபோகும். நிரப்பும் வேலையும் விக்குடையதுதான். திரையில் ஒவ்வொரு கோடு வரையும்போதும் நினைவகத்தின் ஐந்து வரிசைகளைப் புதுப்பித்துக்கொண்டே போகும். ஆக, படம் வரையும் சிப் செத்தால் படம் மட்டுமா போகும்? பிராசஸரின் நாடியும் நிற்கும், நினைவும் தப்பும்.

விக் சிப்புக்குத் தகர மூடி உண்டு. அதைக் கழற்றி, அலைக்காட்டியின் ஊசியைத் துடிப்புக் காலில் வைத்தேன். சீரான மேடு பள்ளம். விக் உயிரோடிருக்கிறது. ஒரு பெரிய பேரைப் பட்டியலிலிருந்து அடித்தேன்.

தபால் பிரிப்பவர்மேல் விழுந்த பழி

அடுத்து நான் செய்தது தவறு. இந்தத் தொழிலில் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தவறு என்பதால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

6510-க்கு முகவரிக் கம்பிகள் 16. அவற்றால் 65,536 முகவரிகளைத்தான் கூப்பிட முடியும். ராம் மட்டுமே அவ்வளவையும் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் 20 கே ரோமும், படம், ஒலி, விசைப்பலகைச் சிப்புகளும் இருக்கின்றன. இடம் ஒன்று, குடியிருப்பவர்கள் இரண்டு மூன்று பேர். ஒரு கதவு எண்ணுக்குக் கடிதம் வந்தால் அது கீழ்வீட்டுக்கா, மாடிக்கா என்று யாராவது பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது பி.எல்.ஏ. என்ற 28 கால் சிப். பதினாறு கம்பிகளில் செய்தி வாங்கி, எட்டுக் கம்பிகளில் தீர்ப்பு சொல்லும்: இம்முறை ராம் பேசு, இம்முறை ரோம் பேசு.

இந்தச் சிப்புக்குப் பெயர் கெட்டிருக்கிறது. நன்றாகச் சுடும், அடிக்கடி போகும், போனால் கறுப்புத் திரை. எனவே கறுப்புத் திரையைப் பார்த்ததும் பழுது பார்ப்பவர்களின் கை தானாக இதற்குத்தான் போகும். என் கையும் போனது. சாக்கெட்டில் இருந்ததால் எடுப்பது சுலபம். மாற்றுச் சிப் ஒன்றை வரவழைத்துச் சொருகினேன். இரண்டு நாள் போனது. திரை அதே கறுப்பு.

ஊரில் ஏதாவது காணாமல் போனால் பழைய கேடியைப் பிடித்து உள்ளே போடும் போலீஸ் புத்தி இது. ஒரு சிப் அடிக்கடி சாகும் என்பது, இந்தக் கணினியில் அது செத்திருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. நான் “எது போச்சு?” என்ற பழைய கேள்விக்கே போய்விட்டிருந்தேன்.

நினைவகம் இல்லாமல் நினைவகத்தைச் சோதிப்பது

கொமடோர் தன் பழுதுபார்ப்பு நிலையங்களுக்கென்று ஒரு கார்ட்ரிட்ஜ் செய்திருந்தது. பெயர் ‘டெட் டெஸ்ட்’, பிணச்சோதனை என்றே வைத்துக்கொள்ளலாம். அதன் நகல் ஒன்று என்னிடம் இருந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள்தான் இருக்கிறது.

ஒரு நிரல் ஓட நினைவகம் வேண்டும். நினைவகம் கெட்டிருக்கிறதா என்று சோதிக்கும் நிரலும் ஒரு நிரல்தானே? அதுவும் கெட்ட நினைவகத்தில்தானே காலூன்ற வேண்டும்? 6510 ஒரு துணைநிரலுக்குப் போகும்போது, திரும்பி வரவேண்டிய முகவரியை ராமில் ஓர் அடுக்கில் எழுதி வைத்துவிட்டுப் போகும். வேலை முடிந்ததும் அதைப் படித்து வீடு திரும்பும். அந்த அடுக்கில் ஒரே ஒரு பிட் தவறினாலும் வேறெங்கோ போய் நின்று, அங்கே கிடப்பதைக் கட்டளை என்று நினைத்துச் செயல்படத் தொடங்கும். பிராசஸர் சாகவில்லை, வழி தவறிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: கறுப்பு.

டெட் டெஸ்டை எழுதியவர்கள் ராமை நம்புவதே இல்லை என்று முடிவு செய்தார்கள். கார்ட்ரிட்ஜைச் சொருகினால் அது ஒரு கம்பியைத் தரைக்கு இழுக்கும். உடனே பி.எல்.ஏ. கணினியின் சொந்த ரோமை ஒதுக்கிவிட்டு, அதே முகவரிகளில் கார்ட்ரிட்ஜைக் காட்டும். பிராசஸர் கண் விழித்ததும் படிப்பது கார்ட்ரிட்ஜின் நிரலை. அந்த நிரல் துணைநிரல் எதையும் கூப்பிடாது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எட்டு பிட் பதிவேடுகள் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு நேர்கோட்டில் ஓடும். எழுத இடமில்லாதவன் விரல் மடக்கிக் கணக்குப் போடுவது போல. ராமில் எழுதிப் பார்க்கும், திரும்பப் படித்துப் பார்க்கும். தவறு கண்டால் எழுத்து காட்ட முயலாது, எழுத்துக்கும் ராம் வேண்டுமே. திரையை வெள்ளையும் கறுப்புமாகக் கண்ணடித்துச் சொல்லும்.

சொருகினேன். சில நொடி கறுப்பு. பிறகு திரை பளிச்சென்று வெளுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிறுத்தம். மறுபடி நான்கு.

நான்கு கண்ணடிப்புக்கு என்ன பொருள்? ராமில் 4164 என்ற எட்டுச் சிப்புகள். ஒவ்வொன்றும் 65,536 பிட்டுகள் கொண்டது. ஆனால் ஒவ்வொரு சிப்பும் தனக்கென்று ஒரு பகுதி முகவரியை வைத்துக்கொள்வதில்லை. ஒரு பைட்டின் எட்டு பிட்டுகளையும் எட்டுப் பேரும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதனால் ஒரு சிப் போனால் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்குதான் கெடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு பைட்டிலும் அதே பிட் கெடும். கண்ணடிப்பு எண்ணிக்கை மேல் பிட்டிலிருந்து கீழே வருகிறது: ஒன்று என்றால் 7-ஆவது பிட், எட்டு என்றால் 0-ஆவது பிட். நான்கு என்றால் 4-ஆவது பிட். போர்டில் யு23.

இந்த நான்கு கண்ணடிப்பும் ஒரு சாவை அறிவித்தன. கூடவே எத்தனை உயிர்களுக்கு உத்தரவாதம் கொடுத்தன என்று பாருங்கள். திரை வெளுத்ததால் விக் உயிரோடு. நிரல் ஓடியதால் 6510 உயிரோடு. கார்ட்ரிட்ஜை அடையாளம் கண்டு வழி விட்டதால் பி.எல்.ஏ.யும் உயிரோடு. பழைய பி.எல்.ஏ.வை எடுத்து மறுபடி சொருகிப் போட்டேன். அதே நான்கு. இரண்டு நாள் காவலில் இருந்த நிரபராதி வீடு திரும்பினார்.

உறுதி செய்ய விரல் போதுமாயிருந்தது. கணினி ஓடும்போது சிப்புகளின் முதுகில் விரல் வைத்துக்கொண்டே போனேன். சிட் சுட்டது, பி.எல்.ஏ. சுட்டது. இரண்டுக்கும் அது இயல்பு. அந்தக் காலத்து மாஸ் சிப்புகள் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருப்பவை. நினைவகச் சிப்புகள் ஏழும் வெதுவெதுப்பு. யு23-இல் விரல் நிற்கவில்லை. சூடு குற்றமில்லை, கூட்டாளிகளைவிட அதிகச் சூடுதான் குற்றம்.

பதினாறு கால்கள்

சாக்கெட்டில் இருக்கும் சிப்பை மாற்ற ஒரு நிமிஷம். யு23 நேரடியாகப் போர்டில் ஈயத்தால் பற்றவைத்தது. இங்கே காட்ட வேண்டியது பொறுமை. போர்டின் செப்புத் தடங்கள் தலைமுடி மாதிரி மெலிந்தவை, நாற்பது வருஷம் பழையவை. செத்த சிப்பைக் காப்பாற்ற நினைத்தால் போர்டு போய்விடும். சிப்பின் பதினாறு கால்களையும் உடலை ஒட்டிக் கூரிய கட்டரால் வெட்டிவிட வேண்டும். உடலை எடுத்து வைத்துவிட்டு, நிற்கும் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி இடுக்கியால் இழுக்க வேண்டும். இழுக்கக்கூட வேண்டாம், ஈயம் உருகினால் தானே வரும். வராவிட்டால் இன்னும் உருகவில்லை என்று பொருள்.

பதினாறில் பதினைந்து கால்கள் சமர்த்தாக வந்தன. 16-ஆவது காலில் ஈயம் உருக மறுத்தது. அது தரைக்கால், அகலமான செப்புப் பரப்போடு இணைந்தது. வைக்கும் சூட்டையெல்லாம் அந்தப் பரப்பு உறிஞ்சிப் பரப்பிவிடும். பழைய ஈயத்தின்மேல் கொஞ்சம் புது ஈயத்தை வைத்து உருக்கினேன், இரண்டும் கலந்து இறங்கியது. செப்புப் பின்னலை வைத்துத் துளையில் மிஞ்சிய ஈயத்தை உறிஞ்சினேன். விளக்குக்கு நேரே பிடித்தபோது துளை வழியாக ஒளி தெரிந்தது.

இன்னொரு பொறி இருந்தது. 16 கால் லாஜிக் சிப்புகளில் பொதுவாக 16-ஆவது காலில் 5 வோல்ட், 8-ஆவது காலில் தரை. கை அப்படியே பழகியிருக்கும். 4164-இல் நேர்மாறு: 8-இல் 5 வோல்ட், 16-இல் தரை. பழக்கத்தில் மீட்டரை வைத்தவர்கள் மைனஸ் ஐந்தைப் பார்த்து, நல்ல போர்டைச் சந்தேகித்த கதைகள் உண்டு.

புதுச் சிப் எங்கே கிடைக்கும்? 4164 இந்தக் கணினிக்கென்று செய்ததல்ல. ஐபிஎம் பிசியின் பழைய போர்டுகளிலும் அதே சிப்தான் வரிசை வரிசையாக இருந்தது. சாக்கெட்டை ரிச்சி தெருவில் வாங்கினேன். சிப் என் பரணில் கிடந்த உடைந்த ஐபிஎம் எக்ஸ்டி போர்டிலிருந்து வந்தது. அமெரிக்கச் சந்தையில் எதிரிகளாக இருந்த இரண்டு கணினிகள் என் மேசையில் உறுப்பு தானம் செய்துகொண்டன.

38911

மூன்றாம் நாள் சாயங்காலம். கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். கறுப்பு. ஒரு நொடி. இரண்டு நொடி. வெளிர்நீலச் சட்டத்துக்குள் ஆழ்ந்த நீலம் விரிந்தது. மேலே கொமடோர் 64 பேசிக் என்ற வரி. அதன் கீழே ‘64கே ராம் சிஸ்டம் 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ’. அதன் கீழே ‘ரெடி’. பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கட்டம்.

இந்த ஒரு திரையே ஒரு முழு உடல் பரிசோதனை அறிக்கை. சட்டத்தின் நிறம் வந்தால், கணினியைத் தொடக்கிவைக்கும் கர்னல் ரோம் தன் வேலையைச் செய்திருக்கிறது. எழுத்துகள் சிதறாமல் இருந்தால் எழுத்து ரோம் நலம். நீலம் மட்டும் வந்து எழுத்து வராமல் நின்றிருந்தால், பேசிக் நிரல்மொழி இருக்கும் பேசிக் ரோமைச் சந்தேகிக்கலாம். கட்டம் சிமிட்டுவது அலங்காரமில்லை. சி.ஐ.ஏ. என்ற சிப் (உளவு நிறுவனத்தோடு உறவில்லை) நொடிக்கு அறுபது முறை பிராசஸரைத் தட்டி எழுப்புகிறது. இருபது தட்டலுக்கு ஒருமுறை கட்டம் அணைகிறது அல்லது எரிகிறது. அதே தட்டலில்தான் விசைப்பலகையும் படிக்கப்படுகிறது. கட்டம் சிமிட்டாமல் உறைந்து நின்றால், சாவிகளைப் பிரித்துத் துடைப்பதில் பயனில்லை. யு1 என்று பெயரிட்ட அந்தச் சி.ஐ.ஏ. சிப்பைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அழகு அந்த எண்தான். 64 கே என்று சொல்லிவிட்டு 38911 மட்டும் காலி என்கிறதே, மீதி எங்கே? பேசிக் நிரல்களுக்கான இடம் 2049-ஆவது முகவரியில் தொடங்குகிறது. 40960-இல் பேசிக் ரோம் குறுக்கே வந்து மறைக்கிறது. 40960-லிருந்து 2049-ஐக் கழியுங்கள். 38911.

ஆனால் இந்த எண் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஒவ்வொரு முறையும் கணினி தானே நடந்து அளந்து சொல்கிறது. 1024-ஆவது முகவரியில் தொடங்கி, ஒவ்வொரு பைட்டிலும் 01010101 என்று எழுதிப் படிக்கும். பிறகு பிட்டுகளை ஓரிடம் நகர்த்தி 10101011 என்று எழுதிப் படிக்கும். கடைசிப் பிட்டைத் தவிர மற்ற ஒவ்வொரு பிட்டையும் ஒருமுறை ஒன்றாகவும் ஒருமுறை பூஜ்யமாகவும் ஆக்கிப் பார்க்கும் தந்திரம் இது. சரியாக இருந்தால் அடுத்த பைட். இப்படியே நடந்து 40960-ஐ அடையும்போது எழுதியது ஒன்று, படித்தது வேறு. அங்கே படிக்கும்போது ராம் பேசவில்லை, ரோம் பேசுகிறது. எழுதியது திரும்பி வராத முதல் இடத்தை “நினைவகம் இவ்வளவுதான்” என்று எடுத்துக்கொண்டு கணினி நின்றுவிடும்.

ஆக, நல்ல கணினியின் சோதனையும் ஒரு தவறில்தான் முடிகிறது. அதற்குத் தவறு என்பது கெட்ட செய்தியில்லை, எல்லைக்கல். ஏதோ ஒரு பைட்டில் மட்டும் கோளாறு இருந்தால், ‘என் நினைவகம் கெட்டுவிட்டது’ என்று அது சொல்லாது. இயல்பாக வணங்கி, சிறிய ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணோடு 2049-ஐக் கூட்டினால் கோளாறு உள்ள முகவரி கையில் இருக்கும்.

கூட்டிய பிறகும் யோசிக்க வேண்டும். திரையில் 30719 வந்தால்? 2049-ஐக் கூட்டுங்கள், 32768. துல்லியமான பாதி. கோளாறு இவ்வளவு ஒழுங்கான இடத்தில் வந்து உட்காராது. அந்த முகவரிதான் கார்ட்ரிட்ஜ் ரோம் தொடங்கும் இடம். சொருகும் வாயில் ஏதோ கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, அல்லது இருப்பதாகக் கணினி நம்புகிறது. ராம் சிப்புகளைத் தொடவே வேண்டாம்.

திரையைப் பார்த்துக்கொண்டே சித்தப்பாவைக் கூப்பிட்டேன். வந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒரு சாவியை அமுக்கினார். எழுத்து விழுந்தது. அழித்தார். மறுபடி அமுக்கினார்.

“எதுதான் பழுதாப் போனது தம்பி?”

வெட்டி எடுத்த யு23-ஐ உள்ளங்கையில் வைத்தேன். கால்களில்லாத கறுப்புத் துண்டு, பல்லி முட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. விரலால் உருட்டிப் பார்த்தார்.

“இதொண்டுதானோ?”

“இது ஒண்ணுதான் சித்தப்பா.”

“அப்ப மிச்சமெல்லாம் நல்லாத்தான் இருந்ததோ, இவ்வளவு நாளும்?”

ஆமாம் என்றேன். முப்பது சிப்புகளில் ஒன்று. மற்றவை எல்லாம் சுவிட்சைப் போட்ட ஒவ்வொரு முறையும் தங்கள் வேலையைச் சரியாகத் தொடங்கி, அந்த ஒரு பிட்டில் வழி தவறி, திரையை எட்டாமல் நின்றுபோயின. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பு மட்டும்தான்.

சிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். செங்கலைக் காட்டி, “இதை என்ன செய்யிறது?” என்று கேட்டார்.

“அதை மட்டும் குப்பையில போடுங்க. ஞாபகத்துக்குன்னு கூட வீட்டுல வைக்காதீங்க.”